பாசன நிலத்தில் ஏறும் உவரைச் செயற்கைக்கோள் படம் கொண்டு மதிப்பிடும் முறை

மண்ணின் உவரைச் செயற்கைக்கோள் நேரடியாக அளப்பதில்லை என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வேர் பரவியிருக்கும் ஆழத்தில், மண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்பை எந்த ஒளிப்படக் கருவியாலும் காண இயலாது. கருவிக்குத் தெரிவது இரண்டு மட்டுமே: வெறுமையாகக் கிடக்கும் மேல்மண்ணின் நிறமும், பயிர் நிற்கும் இடத்தில் அந்தப் பயிரின் செழிப்பும். இவ்விரண்டையும் உப்பு மாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் தண்ணீர்ப் பற்றாக்குறை, பூச்சித் தாக்குதல், மணற்பாங்கான மண், தாமதமான விதைப்பு ஆகியவையும் அவற்றை மாற்றும். ஆகவே உவர் வரைபடம் தயாரிப்பது என்பது பெரும்பாலும் பிற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகும் வேலையாகும். அந்தக் கழித்தலுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துணை காலம்தான். பூச்சி ஒரு பருவத்தில் வந்து போகும். தண்ணீர்த் தட்டுப்பாடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். வேர்ப்பகுதியில் தேங்கிய உப்போ, வடிகாலோ நல்ல தண்ணீரோ கிடைக்கும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

எதை அளக்கிறோம்?

உவரின் அளவு மின்கடத்துதிறனாகக் கூறப்படுகிறது. மண்ணில் வாலைவடிநீர் விட்டுப் பிசைந்து, அது நிறைவுற்ற பசையாகும் நிலையில் உறிஞ்சி எடுத்த சாற்றை 25 பாகை செல்சியஸில் அளந்தால் கிடைப்பதே ஒப்பீட்டுக்கான எண். அமெரிக்காவின் ரிவர்சைடில் உள்ள உவர்மண் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேடு இந்த முறையை நிலைநிறுத்தியது. அன்று முதல், சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர்மண் என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. 2 வரை உப்பற்றது, 2 முதல் 4 வரை மிகக் குறைந்த உவர், 4 முதல் 8 வரை குறைந்த உவர், 8 முதல் 16 வரை நடுத்தர உவர், அதற்கு மேல் கடும் உவர் என்ற பகுப்பும் வழக்கில் உள்ளது.

இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஒரு டெசிசீமன்ஸ் மின்கடத்துதிறன் உள்ள பாசன நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு அந்த நீரைப் பாய்ச்சினால் 1,000 கனமீட்டர் நீரோடு 640 கிலோ உப்பும் வயலுக்குள் வருகிறது. ஒரு பருவத்துக்கு 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 3.2 டன். பயிர் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பங்கை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. வடிகால் இருந்தால் அது கீழிறங்கிப் போகும். நிலத்தடி நீர்மட்டம் 2 மீட்டருக்குள் உயர்ந்துவிட்டால் போகவும் வழியில்லை, நுண்துளைகள் வழியே மேலேறி வந்து, நீர் ஆவியாக, நிலத்தின் மேல் உப்புப் பூக்கும். வாய்க்கால் கரையோரக் கசிவு, நீர் தேங்கும் தாழ்வு, வடிகாலற்ற கடைமடை ஆகியவற்றில் உவர் முதலில் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம். படத்தைத் திறப்பதற்கு முன்பே வாய்க்கால், வடிகால், நில உயரம் ஆகியவற்றின் வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

படங்களைத் தேர்ந்தெடுத்தல்

வயல் அளவிலான வேலைக்கு இரண்டு இலவசத் தொகுப்புகள் போதும். சென்டினல்-2 இணைக் கோள்களில் முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. 2025இல் முதலாவதின் இடத்தைச் சென்டினல்-2சி ஏற்றுக்கொண்டது. இணையாக இயங்கும் இரு கோள்களும் சேர்ந்து 5 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடிக்கின்றன. நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்புப் பட்டைகள் 10 மீட்டர் நுணுக்கத்திலும், குற்றலை அகச்சிவப்புப் பட்டைகள் 20 மீட்டரிலும் கிடைக்கும். லேண்ட்சாட் 30 மீட்டர் நுணுக்கமே உடையது. ஒரு கோள் 16 நாட்களுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். ஆயினும் லேண்ட்சாட்-5 இயங்கத் தொடங்கிய 1984 முதல் ஒத்த பட்டைகளில் தொடர்ச்சியாகப் படம் இருக்கிறது என்பது வேறெங்கும் கிடைக்காத செல்வம். ஒரு நிலம் எப்போது கெடத் தொடங்கியது என்று அறிய வேண்டுமானால் லேண்ட்சாட்டைத்தான் நாட வேண்டும். லேண்ட்சாட்-7இன் படங்களில் 2003க்குப் பின் காணும் கோடுகோடான வெற்றிடங்கள் கருவிப் பழுதால் வந்தவை. அவற்றை நிரப்ப முயல்வதைவிட அந்த இடங்களை விட்டுவிடுவதே நேர்மையானது.

எந்த நாளின் படத்தை எடுப்பது என்பது எத்தனை படம் எடுப்பது என்பதைவிட முக்கியமானது. வெறும் மண்ணில் உப்புப் பூத்திருப்பதைக் காண வறண்ட பருவத்தின் கடைசி வாரங்கள் ஏற்றவை. ஒரு மழையோ ஒரு பாசனமோ மேலிருக்கும் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும், அதன்பின் அதே வயல் படத்தில் குற்றமற்றதாகத் தோன்றும். பயிர் வழியே உவரை அறிய வேண்டுமானால், அந்தப் பயிர் உச்ச வளர்ச்சியில் நிற்கும் நாட்களின் படம் வேண்டும். இவ்விரு காலங்களையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் இரண்டுமே பயனற்றுப் போகும்.

எண்களைச் சீராக்குதல்

பதிவிறக்கும்போதே வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட நிலப்பரப்பு எதிரொளிப்புப் படங்களை (விழும் ஒளியில் எத்தனை பங்கு திரும்புகிறது என்பதே எதிரொளிப்பு), அதாவது நிலை 2 படங்களை, தேர்ந்துகொள்ள வேண்டும். மேகம், மேக நிழல் ஆகியவற்றை உடன்வரும் வகைப்பாட்டுப் படலத்தைக் கொண்டு நீக்கலாம். ஆனால் அந்தப் படலம் பளிச்சிடும் உப்புப் பரப்பைச் சில வேளைகளில் மேகம் என்று குறித்துவிடும். நாம் தேடும் இடமே தேடலிலிருந்து வெளியேறிவிடும் ஆபத்து இதில் உள்ளது. வெவ்வேறு நாட்களின் படங்களில் ஒரே வடிவத்தில் ஒரே இடத்தில் மேகம் நின்றால் அது மேகமல்ல என்று கொள்ளலாம்.

இன்னொரு கண்ணியையும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சென்டினல்-2 படங்களில் 2022 ஜனவரி 25 முதல் ஒவ்வொரு எண்ணோடும் 1,000 கூட்டிச் சேமிக்கப்படுகிறது. எனவே எதிரொளிப்பைப் பெற முதலில் 1,000ஐக் கழித்து, பிறகு 10,000ஆல் வகுக்க வேண்டும். செழிப்பான ஒரு வயலின் சிவப்புப் பட்டையில் 1,400, அண்மை அகச்சிவப்பில் 5,200 என்று பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். சரியாகக் கணக்கிட்டால் எதிரொளிப்பு 0.04, 0.42 ஆகும், அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கும் தாவரக் குறியீடான என்டிவிஐ 0.83 வரும். கழிக்க மறந்தால் 0.14, 0.52 என்றாகி, குறியீடு 0.58க்கு இறங்கிவிடும். அதாவது 2021இல் பச்சைப் பசேலென்று நின்ற வயல் 2022இல் உவரேறிப் பாழ்பட்டதுபோல் வரைபடம் காட்டும். ஓர் ஆண்டில் வட்டாரம் முழுவதும் ஒரே சீராக உவர் கூடியிருப்பதாக முடிவு வந்தால், நிலத்தைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தக் கழித்தலைச் சரிபார்க்க வேண்டும். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்ற பெயருடன் உள்ள தொகுப்பு இதை ஏற்கெனவே சரிசெய்து தருகிறது. லேண்ட்சாட்டின் இரண்டாம் தொகுப்புக்கு வேறு வாய்பாடு: எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும்.

எந்தக் குறியீடு?

உவர்க் குறியீடுகள் என்ற பெயரில் பத்துப் பதினைந்து வாய்பாடுகள் புழங்குகின்றன. அவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படும் ஒன்று, சிவப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. சற்று உற்றுப் பார்த்தால் இது தாவரக் குறியீட்டின் முன்னே ஒரு கழித்தல் குறியைப் போட்டதுதான் என்பது தெரியும். அது உப்பைப் பற்றித் தனியாக எதையும் சொல்வதில்லை. பச்சை இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. இரண்டையும் ஒரே கணிப்பில் தனித்தனி மாறிகளாகச் சேர்த்துவிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று மகிழ்ந்துகொள்ளும் அறிக்கைகளைக் காணும்போது வருத்தமே மேலிடுகிறது.

வெறும் மண்ணுக்கு நீலத்தையும் சிவப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் குறியீடும், பச்சையையும் சிவப்பையும் கொண்டு அவ்வாறே செய்வதும் பொருத்தமானவை. உப்புப் பூத்த பரப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெளிறிப் பளிச்சிடுவதை இவை பிடிக்கின்றன. ஆனால் காய்ந்த வைக்கோல், மணல், புதிதாகச் சமன்செய்தபோது வெளிப்பட்ட அடிமண் ஆகியவையும் அவ்வாறே பளிச்சிடும். ஒருமுறை நான் கடும் உவர் என்று வண்ணமிட்டு வைத்திருந்த ஒரு நீள்சதுரம், போய்ப் பார்த்தபோது, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரவிய வயலின் வெட்டுப் பகுதியாக இருந்தது. அங்கே மண்ணின் மின்கடத்துதிறன் 1ஐக்கூட எட்டவில்லை. எதிர்த்திசைப் பிழையும் உண்டு: கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகள் மிகுந்த உவர் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் நனைந்ததுபோல் கறுத்துக் கிடக்கும், பளிச்சிடும் இடத்தை மட்டும் தேடுபவர் அதைத் தவறவிடுவார்.

உப்பின் வகையை நிறமாலையிலிருந்து பிரித்தறிய முடியுமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடுக்கு இந்த அலைநீளங்களில் தனக்கென்று ஓர் உறிஞ்சல் தடமே இல்லை. ஜிப்சத்துக்கு 1.75 மைக்ரோமீட்டர் அருகே தடம் உண்டு. அது சென்டினலின் பட்டைகளுக்கு இடையில் விழுந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளில் படமெடுக்கும் பிரிஸ்மா, என்மேப் போன்ற கோள்கள் அதற்கு உதவும்.

பயிர் நிற்கும் நிலத்துக்கு, விதான வினையைக் கொண்ட உவர்க் குறியீடான சிஆர்எஸ்ஐ எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஒன்று. அண்மை அகச்சிவப்பையும் சிவப்பையும் பெருக்கியதிலிருந்து பச்சையையும் நீலத்தையும் பெருக்கியதைக் கழிக்க வேண்டும்; அவ்விரு பெருக்கங்களின் கூட்டுத்தொகையால் அதை வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நீலம் 0.03, பச்சை 0.06, சிவப்பு 0.04, அண்மை அகச்சிவப்பு 0.42 உள்ள நல்ல பயிருக்கு ஏறத்தாழ 0.90 வரும். நான்கும் முறையே 0.24, 0.28, 0.32, 0.38 என்று உள்ள உப்புப் பரப்புக்கு 0.54 வரும். உவர் ஏற ஏற இந்த எண் இறங்கும். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதிப் பாசன நிலங்களில் இக்குறியீடு உருவானபோது, ஒரு படத்தை நம்பாமல் பல ஆண்டுப் படங்களிலிருந்து ஒவ்வொரு படப்புள்ளிக்கும் உயர்ந்த மதிப்பு எடுக்கப்பட்டது. அந்த உத்திதான் குறியீட்டைவிடப் பெறுமதியானது.

பல ஆண்டு உச்சம்

செய்முறை எளிது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு, ஒவ்வோர் ஆண்டின் பயிர்க்காலப் படங்களிலிருந்தும் ஆண்டுச் சராசரியைக் கணக்கிட்டு, பிறகு அந்த ஆண்டுகளுள் எது உயர்ந்ததோ அதைப் படப்புள்ளிக்கு உரியதாகக் கொள்ள வேண்டும். ஏன் உச்சம்? ஒரு வயல் ஓராண்டு தரிசாகக் கிடந்திருக்கலாம், மறு ஆண்டு தண்ணீர் வராமல் காய்ந்திருக்கலாம், மூன்றாம் ஆண்டு நோய் விழுந்திருக்கலாம். இந்தக் குறைகள் யாவும் உச்சத்தில் உதிர்ந்துவிடும். எத்தனை நல்ல ஆண்டு வந்தும் ஒரு மூலையால் தலையெடுக்க முடியவில்லை என்றால், அங்கே மண்ணிலேயே ஏதோ இருக்கிறது. அது உப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாறை மேலெழுந்த மண்ணாகவோ கடும் மணலாகவோ இருக்கலாம். உவரைத் தாங்கும் களைகள் ஓர் ஆண்டு அடர்ந்து முளைத்து உச்சத்தை உயர்த்திவிடுவதும் நடக்கும். ஆயினும் சந்தேகப் பட்டியல் இந்த ஒரு படியிலேயே பாதியாகச் சுருங்கிவிடும்.

பயிரின் வகையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இந்த வரைபடமும் ஏமாற்றும். பயிர்கள் உவரைத் தாங்கும் அளவு பற்றி மாஸ், ஹாஃப்மன் ஆகிய இருவரும் 1977இல் வகுத்துத் தந்த அட்டவணைப்படி, மக்காச்சோளம் 1.7 டெசிசீமன்ஸுக்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 12 விழுக்காடு விளைச்சலை இழக்கிறது. கோதுமை 6க்கு மேல் அலகுக்கு 7.1 விழுக்காடு, பார்லி 8 வரை இழப்பின்றித் தாங்குகிறது. ஆகவே மின்கடத்துதிறன் 8 உள்ள ஒரே மண்ணில் பார்லி முழுமையாக விளையும், கோதுமை 14 விழுக்காடு குறையும், மக்காச்சோளம் முக்கால் பங்கை இழக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரே உவர்நிலம் மூன்று நிலங்களாகத் தெரியும். பயிர் வரைபடம் கிடைத்தால் பயிர்வாரியாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் குறைந்தது தாங்கும் பயிர், தாங்காப் பயிர் என்ற இரு பிரிவாவது செய்துகொள்ள வேண்டும்.

வடிவத்தைப் படித்தல்

எண்களுக்கு அப்பால், திட்டுகளின் உருவம் நிறையச் சொல்லும். வரப்போடு நேர்க்கோட்டில் நின்றுவிடும் வேறுபாடு பெரும்பாலும் மனிதர் செய்தது: ஒருவர் முன்னே விதைத்தார், மற்றவர் பின்னே விதைத்தார், ஒருவர் உரமிட்டார், மற்றவர் இடவில்லை. வரப்பைப் பொருட்படுத்தாமல் இரண்டு மூன்று வயல்களைக் கடந்து, ஓரம் மங்கி, தாழ்வை ஒட்டியோ வாய்க்காலை ஒட்டியோ படரும் திட்டு மண்ணும் நீரும் செய்தது. மடையிலிருந்து தள்ளிப் போகப் போகச் சீராக மங்கும் பச்சை, உவராக இருப்பதைவிடத் தண்ணீர் எட்டாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அத்தகைய இடத்தில் லேண்ட்சாட்டின் வெப்பப் பட்டை பெரிதாக உதவாது, ஏனெனில் தாகத்தால் வாடும் பயிரும் உவரால் வாடும் பயிரும் ஒன்றுபோலவே சூடேறும். ரேடார் படம் மண்ணீரத்தைப் பற்றி ஓரளவு துப்புத் தரும். அதைக் கொண்டு உவரின் அளவைச் சொல்ல முனைவது இப்போதைக்கு வீண்.

களத்தில் மண் எடுத்தல்

இதுவரை செய்ததை ஊகம் என்றே அழைக்க வேண்டும். பல ஆண்டு உச்ச வரைபடத்தை நான்கைந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் சமமான எண்ணிக்கையில் இடங்களைத் தேர்ந்து மண் எடுக்க வேண்டும். பளிச்சென்று கெட்டுக் கிடக்கும் இடங்களிலேயே மண் எடுத்துக்கொண்டு வருவது பொதுவான தவறு. 2 முதல் 8 வரையிலான நடுப்பகுதியில்தான் முடிவெடுப்பது கடினம், அங்கேதான் மாதிரிகள் கூடுதலாக வேண்டும். சில ஆயிரம் ஹெக்டேர் பரப்புக்கு 40 முதல் 60 இடங்கள் என்பது தாங்கக்கூடிய உழைப்பு. மின்காந்தத் தூண்டல் முறையில் இயங்கும் இஎம்-38 போன்ற கருவி கையில் இருந்தால், வயலை நடந்து அளந்துவிட்டு அதன் எண்களைச் சரிபார்க்க மட்டும் மண் எடுக்கலாம்; வேலை பாதியாகும்.

ஒவ்வோர் இடமும் வரப்பு, பாதை, வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து 30 மீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். ஓர் இடத்துக்கு ஒரே துளை போதாது. படப்புள்ளி அளவுள்ள சதுரத்துக்குள் நான்கைந்து துளைகள் இட்டு, ஆழவாரியாக ஒன்றாகக் கலக்க வேண்டும். சால் பாசன வயலில் உப்பு பாரின் முகட்டில் சேரும், சாலின் அடியில் கழுவப்பட்டிருக்கும். ஒரு கை தூரத்தில் எண் மூன்று மடங்கு மாறினாலும் வியப்பதற்கில்லை. சொட்டுநீர்ப் பாசனத்தில் ஈர வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையமாகக் கட்டும். ஆகவே முகடு, சால் இரண்டிலும் துளையிட்டு, எதிலிருந்து எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். 0–30, 30–60, 60–90 சென்டிமீட்டர் என மூன்று ஆழங்களைத் தனித்தனிப் பைகளில் எடுப்பதற்கும் பொருள் உண்டு: மேலே மிகுந்து கீழே குறைந்தால் நிலத்தடி நீர் உப்பை மேலேற்றிக்கொண்டிருக்கிறது, மேலே குறைந்து கீழே மிகுந்தால் பாசனம் உப்பைக் கழுவி இறக்கிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரியும் இவ்விரு வயல்களுக்கும் பரிகாரம் ஒன்றல்ல.

எல்லா மாதிரிக்கும் நிறைபசைச் சாறு எடுக்க இயலாதபோது, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளக்கலாம். அந்த எண்ணை அப்படியே 4 என்ற எல்லையோடு ஒப்பிடக் கூடாது. நீர்த்த கரைசலாதலால் அது பல மடங்கு குறைவாக இருக்கும். மாற்றும் பெருக்கெண் மணலுக்கு அதிகம், களிமண்ணுக்குக் குறைவு. ஐந்தில் ஒரு மாதிரிக்காவது இரண்டு முறையிலும் அளந்து, அந்த மண்ணுக்குரிய பெருக்கெண்ணை நாமே கண்டுகொள்வதே பாதுகாப்பானது.

எண்ணையும் படத்தையும் இணைத்தல்

கள எண்கள் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் குவிந்து, சில மட்டும் மிக உயர்ந்து நிற்கும். ஆகவே மடக்கை எடுத்த பிறகே குறியீட்டோடு பொருத்த வேண்டும். சில பத்து மாதிரிகளை வைத்துக்கொண்டு சிக்கலான இயந்திரக் கற்றல் மாதிரிகளுக்குத் தாவுவதை நான் பரிந்துரைப்பதில்லை; குறியீடு, மண்ணின் களிமண் பங்கு, ஒப்பீட்டு உயரம் ஆகிய மூன்றைக் கொண்ட எளிய நேர்கோட்டுப் பொருத்தம் எங்கே தவறுகிறது என்பதையாவது காட்டிக்கொடுக்கும். சோதிக்கும் முறையில்தான் கண்டிப்பு வேண்டும். மாதிரிகளைக் குலுக்கிப் போட்டு ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கினால், ஒரே வயலின் இரண்டு புள்ளிகளுள் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழுந்து, துல்லியம் பொய்யாக உயரும். முழு வயலை, முடிந்தால் ஒரு மடைக்கு உட்பட்ட வயல்கள் அனைத்தையும், ஒன்றாக ஒதுக்கிவைத்துச் சோதிக்க வேண்டும். துல்லியம் சரியும், அந்தச் சரிந்த எண்ணே உண்மையானது.

களர்நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோடியம் மிகுந்த களரில் மின்கடத்துதிறன் 4க்கும் கீழே இருக்கலாம், பயிரோ தலையெடுக்காது. மண்துகள்களில் ஒட்டியிருக்கும் பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டியதா, கார அமிலநிலை (pH) 8.5ஐக் கடந்ததா என்று ஆய்வகத்தில்தான் அறிய வேண்டும். வரைபடம் கெட்டது என்று காட்டி, மண்ணின் மின்கடத்துதிறன் நல்லது என்று சொன்னால், வரைபடத்தைத் தள்ளிவிடுவதற்கு முன் அந்த மாதிரிகளுக்கு இந்த இரண்டையும் அளந்துவிட வேண்டும். உவரைக் கழுவ நல்ல நீரும் வடிகாலும் போதும். களரை அவ்வாறு வெறும் நீரால் கழுவினால் மண் இன்னும் இறுகும், அதற்கு ஜிப்சம் முதலில் வேண்டும்.

முடிவு வரைபடத்தில் 2க்குக் கீழ், 2 முதல் 4, 4 முதல் 8, 8க்கு மேல் என்ற நான்கு நிறங்களுக்கு மேல் வேண்டாம். தசமப் புள்ளிவரை எண் காட்டும் வண்ணச் சரிவு, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும். எந்த ஆண்டுகளின் படங்கள், எந்த மாதம் எடுத்த மண், எந்த ஆழத்துக்கான மதிப்பு ஆகியவற்றை வரைபடத்தின் மேலேயே எழுத வேண்டும். மண் எடுத்த இடங்களின் ஆயத்தொலைவுகளைப் பாதுகாத்து வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதே மாதத்தில் அதே துளைகளுக்கு அருகே மீண்டும் மண் எடுக்கலாம். வடிகால் வெட்டிய வயலில் 60–90 சென்டிமீட்டர் எண் இறங்கியிருக்கிறதா என்பதை அந்தப் பைகளே சொல்லும்; படத்தில் அதன் பச்சை தெரிவதற்கு இன்னும் ஒரு பருவம் பிடிக்கலாம்.